மங்கலச் சின்னம் பழி சுமந்த கதை

புதுமனை புகுவிழா அழைப்பிதழின் மேல்பகுதியில் அது இருக்கும். புதிய கடை திறக்கும்போது கல்லாப் பெட்டியின் மீது குங்குமத்தால் அதை வரைவார்கள். தீபாவளியன்று புதுக் கணக்கு தொடங்கும் குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதுவார்கள். தங்கச் சங்கிலியில் பதக்கமாக அதைக் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வோரும் உண்டு. அதுதான் ஸ்வஸ்திக். இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் சமணர்களுக்கும் அது நன்மையின் அடையாளம்.

அதே பதக்கத்தை அணிந்த ஓர் இளைஞர் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பேருந்தில் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி அதைப் பார்த்ததும் முகம் வெளுத்து எழுந்து போய்விடக்கூடும். அந்த மூதாட்டியின் பெற்றோரை வதை முகாமுக்கு இழுத்துச் சென்றவர்களின் கைப்பட்டையில் இருந்ததும் ஏறக்குறைய இதே வடிவம்தான்.

இருவரில் யார்மீது தவறு? இருவர்மீதும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே நடந்தது? ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மங்கலமாகப் போற்றப்பட்ட ஒரு சின்னம், வெறும் 25 ஆண்டுகளில் எப்படிக் கொலைகாரர்களின் கொடியாக மாறியது? அதை இன்று அணிபவர்களுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வரலாற்றைப் புரட்டியாக வேண்டும்.

சொல்லிலேயே இருக்கிறது வாழ்த்து

‘சு’ என்றால் நல்லது, ‘அஸ்தி’ என்றால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த ‘ஸ்வஸ்தி’ என்ற வடசொல்லுக்கு ‘நலம் உண்டாகுக’ என்று பொருள். அந்த நலத்தைக் குறிக்கும் அடையாளமே ஸ்வஸ்திக்.

தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் உட்பட ஏராளமான கல்வெட்டுகள் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்றுதான் தொடங்குகின்றன. மன்னனின் பெயரும் மெய்க்கீர்த்தியும் அதற்குப் பிறகே வரும்.

மலாய் மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளில் முதலிடத்தில் வைக்கப்படுவது கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. சுமத்ராவின் பாலேம்பாங் அருகே 1920ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட அது, ஸ்ரீவிஜயப் பேரரசின் 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதுவும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்றே தொடங்குகிறது. தஞ்சாவூரிலும் பாலேம்பாங்கிலும் கல்லில் எழுதத் தொடங்கியவர்கள் முதலில் எழுதியது ஒரே வாழ்த்தைத்தான்.

அந்த வாழ்த்து இன்றும் இந்த வட்டாரத்தில் உயிரோடு இருக்கிறது. பாலித்தீவு இந்துக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ‘ஓம் ஸ்வஸ்தியஸ்து’ என்று சொல்லிக் கைகூப்புகிறார்கள். தாய்லாந்து மக்கள் சொல்லும் ‘சவாதீ’ என்ற வணக்கச் சொல்லும் ‘ஸ்வஸ்தி’யிலிருந்து ஆக்கப்பட்டதுதான். 1943ஆம் ஆண்டு தாய்லாந்து அரசாங்கம் அதை அதிகாரபூர்வ வணக்கமாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் அந்தச் சின்னத்தின் கீழ் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டும் அதுவே.

எல்லா நிலங்களிலும் காணப்பட்ட வடிவம்

இந்தச் சின்னம் இந்தியாவுக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்வதற்கில்லை. இந்த வடிவத்தை மனித இனம் பல இடங்களில், பல காலங்களில் வரைந்திருக்கிறது.

உக்ரேன் நாட்டில் மேசின் என்ற இடத்தில் 1908ஆம் ஆண்டு, மாமத யானையின் தந்தத்தில் செதுக்கிய பறவை உருவம் ஒன்று கிடைத்தது. அதன்மீது ஒன்றோடொன்று பின்னிய ஸ்வஸ்திக் கோடுகள் காணப்படுகின்றன. அது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. ஈராக்கின் சமாரா என்ற இடத்தில் கிடைத்த மண் கிண்ணம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. பறவைகளும் மீன்களும் சுற்றிவர, அதன் நடுவில் ஸ்வஸ்திக் இருக்கிறது. அந்தக் கிண்ணம் இப்போது இருப்பது ஜெர்மனியின் தலைநகரான பெர்லின் அரும்பொருளகத்தில்.

ஹரப்பா, மொகஞ்சதாரோ முத்திரைகளில் ஸ்வஸ்திக் தெளிவாகவே பொறிக்கப்பட்டுள்ளது. பாணினியின் இலக்கண நூலில், மாடுகளின் காதில் உரிமையாளர்கள் இடும் அடையாளக் குறிகளில் ஒன்றாக அது வருகிறது. சமணர்கள் அதன் நான்கு கரங்களையும் ஓர் உயிர் பிறக்கக்கூடிய நான்கு கதிகளாகக் கொள்கிறார்கள்: தேவர், மனிதர், விலங்கு, நரகர். 24 தீர்த்தங்கரர்களில் 7ஆவது தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் அடையாளமும் அதுவே. பௌத்தர்கள் புத்தரின் திருவடியிலும் மார்பிலும் அதைப் பொறித்தார்கள். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன அது, அங்கே ஓர் எழுத்தாகவே ஆகிவிட்டது. ‘வான்’, அதாவது ‘பத்தாயிரம்’ என்று அதை ஒலிக்க வேண்டும் என கி.பி. 693இல் பேரரசி வூ ஸெட்டியன் ஆணையிட்டார். ஜப்பானிய நிலப்படங்களில் பௌத்த ஆலயங்களைக் காட்டும் குறி இதுதான்.

எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையைக் குடைந்து கட்டிய கிறித்துவத் தேவாலயத்தின் சாளரத்திலும் ஸ்வஸ்திக் உண்டு. எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது இஸ்ரேலின் ஏன் கேதி. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய யூத வழிபாட்டுக்கூடத்தின் தரைக் கல்பதிப்பில் ஒரு ஸ்வஸ்திக் இருக்கிறது. அதைப் பதித்த யூதக் கைவினைஞருக்கு அது ஓர் அழகிய வடிவம், அவ்வளவுதான்.

தமிழகத்திலும் இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெள்ளறையில் ஒரு கிணறே ஸ்வஸ்திக் வடிவில் வெட்டப்பட்டிருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த ‘மார்ப்பிடுகு பெருங்கிணறு’ அது. நான்கு பக்கங்களிலிருந்தும் படிகள் இறங்கி, மடங்கித் திரும்பி, நடுவிலுள்ள நீரைச் சென்றடைகின்றன. ஒரு துறையில் குளிப்பவரை மற்றொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. அதனால் ஊர்மக்கள் அதை ‘மாமியார் மருமகள் கிணறு’ என்று வேடிக்கையாக அழைப்பதுண்டு. ஊர் மக்களுக்கு நீர் தருவதற்காக ஒருவர் தேர்ந்தெடுத்த வடிவம் அது.

மேலை நாடுகளின் அதிர்ஷ்டக் குறி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் ஸ்வஸ்திக்கை விரும்பி அணிந்தார்கள் என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். அன்று அது அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டக் குறி. 1925ஆம் ஆண்டு கோக்கா கோலா நிறுவனம், சட்டைப்பைக் கடிகாரங்களில் தொங்கவிடுவதற்காக ஸ்வஸ்திக் வடிவில் பித்தளைப் பதக்கம் வெளியிட்டது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் மதுபான நிறுவனம் அதைத் தன் சின்னமாக வைத்திருந்தது. கோப்பன்ஹேகனில் 1901இல் அந்நிறுவனம் கட்டிய யானை வாயிலில், கல்யானைகளின் உடலில் அதை இன்றும் காணலாம். பிரிட்டிஷ் சாரணர் இயக்கம் நன்றிப் பதக்கத்தில் அதைப் பொறித்தது. இந்தியாவில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், தம் நூல்களின் அட்டையில் விநாயகர் உருவத்தோடு அதையும் அச்சிடச் செய்தார்.

பின்லாந்து நாட்டுக்கு 1918ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த பிரபு எரிக் வான் ரோசன் ஒரு விமானத்தை அன்பளிப்பாகத் தந்தார். அதில் அவர் தம் அதிர்ஷ்டக் குறியான நீல ஸ்வஸ்திக்கை வரைந்திருந்தார். அதுவே பின்லாந்து விமானப் படையின் அடையாளமாயிற்று. அப்போது ஹிட்லர் பெயர் அறியாத ஒரு சாதாரணச் சிப்பாய்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களின் வீரர்களைக் கொண்ட 45ஆவது காலாட்படைப் பிரிவு, சிவப்புத் துணியில் மஞ்சள் ஸ்வஸ்திக்கைத் தைத்துத் தோளில் அணிந்தது. அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்களைப் பெருமைப்படுத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சின்னம் அது. நவஹோ மக்கள் தங்கள் கம்பளங்களிலும் நோய் தீர்க்கும் சடங்குகளிலும் அதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

திருட்டு நடந்த விதம்

சின்னம் திரிந்த கதை ஓர் அகழாய்வில் தொடங்குகிறது. ஜெர்மானியரான ஹைன்ரிக் ஷ்லீமன், 1870களில் துருக்கியில் பண்டைய டிராய் நகரைத் தோண்டினார். அங்கே கிடைத்த நூல் நூற்கும் தக்ளி வில்லைகளில் நூற்றுக்கணக்கான ஸ்வஸ்திக் வடிவங்களைக் கண்டார். இவை ‘ஆரியர்கள்’ விட்டுச்சென்ற அடையாளங்கள் என்று அவர் எழுதினார்.

‘ஆரியர்’ என்ற சொல் அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் எடுத்துரைத்தார். அது மொழிகளைப் பற்றிய ஆய்வு. ஆனால், அடுத்த நூறாண்டுகளில் மொழிக் குடும்பம் என்பதை இரத்தக் குடும்பம் என்று சிலர் மாற்றிவிட்டார்கள்.

மொழியியல் அறிஞர் மாக்ஸ் முல்லர் இரண்டு விஷயங்களில் எச்சரித்தார். இந்தியாவுக்கு வெளியே கிடைக்கும் வடிவங்களுக்கு ‘ஸ்வஸ்திக்’ என்ற இந்தியப் பெயரைச் சூட்ட வேண்டாம் என்று அவர் ஷ்லீமனுக்கு எழுதினார். ஒரே பெயர் வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் பிறந்தவை என்று எண்ணத் தோன்றும் என்பது அவர் கவலை. ‘ஆரியன்’ என்பது மொழியைக் குறிக்கும் சொல், மண்டையோட்டையும் இரத்தத்தையும் அதனால் அளக்க முடியாது என்று 1888இல் அவர் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இரண்டு எச்சரிக்கைகளும் காற்றில் போயின.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தூய இனம் பேசிய சிறு குழுக்கள் ஸ்வஸ்திக்கைக் கையில் எடுத்தன. 1918இல் மியூனிக் நகரில் தொடங்கப்பட்ட தூலே சங்கம் அதைச் சின்னமாக்கியது. 1920 மார்ச்சில் பெர்லினில் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய படையினர் அதைத் தலைக்கவசத்தில் வரைந்துகொண்டு நகருக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டில் நாஜிக் கட்சி தன் கொடியை உருவாக்கியது: சிவப்புப் பின்னணி, வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பு நிறத்தில் அந்தச் சின்னம். பல் மருத்துவர் ஒருவர் தந்த வரைவைப் போன்றதைத் தாமே இறுதி செய்ததாக ஹிட்லர் தமது ‘மெயின் காம்ப்’ நூலில் கூறுகிறார். யூத எதிர்ப்பே அந்தச் சின்னத்தின் பொருள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘ஹாக்கன்குரோய்ஸ்’. கொக்கிச் சிலுவை என்று பொருள். அங்கே ‘நலம் உண்டாகுக’ என்ற வாழ்த்துக்கு இடமே இல்லை. 1935 செப்டம்பர் 15ஆம் நாள் நூரெம்பர்க் நகரில் அது ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடியாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில், அதே கூட்டத்தில், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களும் நிறைவேறின. யூதர்கள் அந்தக் கொடியை ஏற்றக் கூடாது என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

கொடியின் கீழ் மடிந்தவர்கள்

அந்தக் கொடியின் கீழ் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களும் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டார்கள். இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை மடிந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

ரோமா மக்களின் முன்னோர் யார்? ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றவர்கள். இதை 1780களிலேயே மொழியறிஞர்கள் கண்டறிந்துவிட்டார்கள். அவர்கள் எண்ணும் முறையைக் கேட்டாலே போதும்: யேக், துயி, த்ரின், ஷ்தார், பாஞ்ச். இந்தி தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்தியாவிலிருந்து வந்த மொழியைப் பேசிய மக்களை, இந்தியாவில் போற்றப்பட்ட சின்னத்தை ஏந்தியவர்கள், ‘ஆரியர்’ என்ற இந்தியச் சொல்லின் பெயரால் கொன்றார்கள். அந்தக் கொள்கைக்குள் எவ்வளவு பொய் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ரோமா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலைதான் என்று மேற்கு ஜெர்மனி ஏற்றுக்கொள்ள 1982ஆம் ஆண்டுவரை ஆயிற்று.

இந்தியச் சின்னத்தை எடுத்ததால் ஹிட்லர் இந்தியர்களை மதித்தார் என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. ‘மெயின் காம்ப்’ நூலில் இந்திய விடுதலைப் போராட்டத்தை அவர் இழிவாகவே எழுதினார். பின்னாளில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், 1942 மே 29இல் ஹிட்லரை நேரில் சந்தித்தபோது அந்த வரிகளைச் சுட்டிக்காட்டினார். ஹிட்லரிடமிருந்து திருப்தியான பதில் வரவில்லை.

நாஞ்சிங் நகரில் இரண்டு ஸ்வஸ்திக்குகள்

1937 டிசம்பரில் ஜப்பானியப் படை சீனாவின் நாஞ்சிங் நகரைக் கைப்பற்றியது. அந்த நகரில் அப்போது இரண்டு விதமான ஸ்வஸ்திக்குகள் இருந்தன.

ஒன்று, உலகச் செஞ்ஸ்வஸ்திக் சங்கத்தின் சின்னம். 1922இல் சீனாவில் தொடங்கப்பட்ட அறநிறுவனம் அது. செஞ்சிலுவைச் சங்கத்தைப் போலவே, தங்கள் பண்பாட்டுச் சின்னத்தைச் சிவப்பில் அணிந்து தொண்டு செய்தவர்கள் அவர்கள். படுகொலைக்குப் பிறகு தெருக்களில் கிடந்த உடல்களை அந்தச் சங்கத்தின் தொண்டர்கள்தாம் அடக்கம் செய்தார்கள். சங்கத்தின் பதிவுகளின்படி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை அவர்கள் புதைத்தார்கள்.

மற்றொன்று, ஜான் ராபே என்ற ஜெர்மானியரின் கையில் இருந்தது. சீமென்ஸ் நிறுவனத்தின் பிரதிநிதியான அவர், நாஜிக் கட்சி உறுப்பினர். தம் வீட்டுத் தோட்டத்தில் பெரிய நாஜிக் கொடியை விரித்து, ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போடாதபடி செய்து, அண்டை வீட்டாருக்குப் புகலிடம் கொடுத்தார். நாஜிக் கைப்பட்டையைக் காட்டியே ஜப்பானியச் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தினார். அவர் தலைமையேற்ற பாதுகாப்பு வட்டாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சீனர்கள் தஞ்சம் புகுந்தார்கள். ஜெர்மனி திரும்பி அந்தக் கொடுமைகளைப் பற்றிப் பேசியபோது, அவருடைய சொந்த அரசாங்கத்தின் ரகசியப் போலீஸே அவரைப் பிடித்து விசாரித்தது. ஒரு சின்னம் எதைச் செய்யும் என்பதை அதை அணிந்த மனிதரே தீர்மானிக்கிறார் என்பதற்கு நாஞ்சிங் சாட்சி.

செஞ்ஸ்வஸ்திக் சங்கம் சிங்கப்பூரிலும் வேரூன்றியது. 1951ஆம் ஆண்டு அது ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிடோக் நார்த்தில் உள்ள ரெட் ஸ்வஸ்திகா பள்ளிதான் அது. அந்தப் பெயரையும் சின்னத்தையும் பள்ளி இன்றுவரை கைவிடவில்லை. சீருடையில் அதை அணிந்து செல்லும் பிள்ளைகளைப் பார்த்துச் சிங்கப்பூரர் யாரும் அஞ்சுவதில்லை. அதன் கதை அவர்களுக்குத் தெரியும்.

கைவிட்டவர்களும் காத்தவர்களும்

நாஜிகளின் செயல்கள் வெளிவரத் தொடங்கியதும், ஸ்வஸ்திக்கை விரும்பி அணிந்தவர்கள் தர்மசங்கடத்தில் சிக்கினார்கள். கிப்ளிங் தம் நூல்களிலிருந்து அதை நீக்கச் சொன்னார். சாரணர் இயக்கம் 1930களின் நடுவில் பதக்கத்தை மாற்றியது. 1940 பிப்ரவரியில் அரிசோனாவில் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ ஆகிய நான்கு பூர்வகுடி மக்களின் பிரதிநிதிகள் கூடி, இனி தங்கள் கம்பளங்களிலும் கூடைகளிலும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். முன்னோர் தந்த சின்னம் அது. யாரோ செய்த பாவத்துக்காக அவர்கள் அதை இழந்தார்கள்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ‘ஸ்வஸ்திகா’ என்றே ஒரு சிற்றூர் உண்டு. 1900களின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கத்தையொட்டி எழுந்த ஊர் அது. போர்க்காலத்தில் அதன் பெயரை ‘வின்ஸ்டன்’ என்று மாற்ற அரசாங்கம் முனைந்தபோது ஊர்மக்கள் மறுத்தார்கள். ஹிட்லருக்கு முன்பே வைத்த பெயரை ஹிட்லருக்காக ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பெயர் நிலைத்தது.

அமெரிக்காவின் 45ஆவது படைப்பிரிவு 1939இல் தோளிலிருந்த ஸ்வஸ்திக்கை எடுத்துவிட்டு, பூர்வகுடி மக்களின் இடிப்பறவையை அணிந்துகொண்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1945 ஏப்ரல் 29ஆம் நாள், அந்தப் பிரிவின் வீரர்கள் ஜெர்மனியின் டாக்காவ் வதை முகாமுக்குள் நுழைந்தார்கள். 1933இல் நாஜிகள் திறந்த முகாம் அது. மற்றொரு பிரிவினரோடு சேர்ந்து அன்று அவர்கள் விடுவித்த கைதிகள் ஏறத்தாழ 32,000 பேர். ஒரு காலத்தில் ஸ்வஸ்திக்கை அணிந்து பெருமைப்பட்ட படையே, அதன் பெயரால் நடந்த கொடுமைக்கு அங்கே முடிவு கட்டியது.

பின்லாந்து மட்டும் நெடுங்காலம் தயங்கியது. விமானங்களிலிருந்து 1945இல் அகற்றினாலும், விமானப் படைத் தலைமையகத்தின் சின்னத்திலிருந்து அதை எடுத்தது 2017இல்தான். அதுவும் அறிவிப்பு எதுவும் இல்லாமல். 2020இல்தான் அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவோருக்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கல்வி, கலை, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. குறுக்கே கோடு போட்டு நாஜி எதிர்ப்பைக் காட்டும் சின்னங்கள் குற்றமாகா என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவுபடுத்தியது.

2005 ஜனவரியில் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி ஒரு மாறுவேட விருந்துக்கு நாஜிக் கைப்பட்டையோடு சென்ற படம் பத்திரிகையில் வெளிவந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஐரோப்பா முழுவதும் அந்தச் சின்னத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது. 2007இல் ஜெர்மனி அந்தப் பேச்சை மீண்டும் எடுத்தபோது பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் வாழும் இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இறுதியில் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஜெர்மனியின் ஹம் நகரில் 2002இல் காமாட்சி அம்பாளுக்குப் பெருங்கோயில் எழுப்பிய ஈழத் தமிழர்கள் போன்றோருக்கு இது வெறும் செய்தியாக இருந்திருக்க முடியாது.

2008 பிப்ரவரியில் ஜெருசலத்தில் இந்து, யூத சமயத் தலைவர்கள் சந்தித்து வெளியிட்ட அறிக்கை இந்த வரலாற்றில் முக்கியமானது. ஸ்வஸ்திக் இந்துக்களின் பழமையான மங்கலச் சின்னம் என்பதையும், நாஜிகள் அதைத் திரித்தார்கள் என்பதையும் அதில் யூத குருமார்களே ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பலன் பிறகு சட்டங்களில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தது. இந்துக்களும் பௌத்தர்களும் சமணர்களும் சமய நோக்கில் பயன்படுத்தும் ஸ்வஸ்திக்குக்கு அந்தச் சட்டம் வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும் அதே ஆண்டில், தன் சட்டத்தில் நாஜிச் சின்னத்தை ‘ஹாக்கன்குரோய்ஸ்’ என்றே குறிப்பிட்டது. பெயரைப் பிரித்தால் பழியும் பிரியும் என்பது இதன் நோக்கம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். இந்து ஸ்வஸ்திக் வலப்பக்கம் திரும்பும், நாஜிச் சின்னம் இடப்பக்கம் திரும்பும் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நாஜிகள் பயன்படுத்தியதும் இந்துக்கள் பெரும்பாலும் வரையும் வலப்பக்கத் திருப்பமே. சீன, ஜப்பானியப் பௌத்தர்கள்தாம் பெரும்பாலும் இடப்பக்கத் திருப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். நாஜிகள் அதை 45 பாகை சாய்த்துக் கறுப்பில் வரைந்தார்கள் என்பதே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. அந்தச் சாய்வும்கூட எல்லா இடங்களிலும் பின்பற்றப்படவில்லை. எனவே, அந்நியர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் வேறுபாட்டை உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நாணயத்தின் மறுபக்கம்

மேலை நாட்டினருக்கு ஸ்வஸ்திக்கின் உண்மைப் பொருள் தெரியவில்லை என்று ஆசிய மக்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், நாஜிக் கொடுமையின் உண்மைப் பொருள் ஆசியாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2006ஆம் ஆண்டு மும்பையில் ‘ஹிட்லர்ஸ் கிராஸ்’ என்ற பெயரில் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. அங்கு வாழும் யூதர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின்னர் பெயர் மாற்றப்பட்டது. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நாஜிக் கொடிகளும் படங்களும் நிறைந்த ஒரு காப்பிக் கடை 2011 முதல் இயங்கி, கண்டனங்களுக்கு நடுவே மூடித் திறந்து, 2017இல் ஒரேயடியாக மூடப்பட்டது. 2013இல் பேங்காக்கில் ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில் வைத்த பதாகையில், சாகச நாயகர்களின் வரிசையில் ஹிட்லரும் நின்றார். மாணவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகம் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

இவர்களில் பெரும்பாலோர் யூதர்களை வெறுப்பவர்கள் அல்லர். அறியாதவர்கள். ஆனால், வதை முகாமில் தாயைப் பறிகொடுத்த ஒருவருக்கு அந்த அறியாமையும் வலிக்கத்தான் செய்யும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த வலியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாஜி ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த ஜப்பான் 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்தது. அதன் பிறகு தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால், விஷயம் தெரியாத யாரோ ஒருவர் அந்த ரயில் பாதையை விளையாட்டுப் பொருளாக்கினால் எப்படி இருக்கும்? யூதர்களின் மனநிலையும் அதுதான்.

அணிபவர் கையில் உள்ளது

அப்படியானால் ஸ்வஸ்திக் பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஐந்தாயிரம் ஆண்டுகளாக ஒரு பண்பாட்டுக்கு உரிய மங்கலச் சின்னத்தை, 25 ஆண்டுகள் அதைக் கையில் வைத்திருந்த ஒரு கொலைகாரக் கூட்டத்துக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கைவிட்டால் அந்தக் கூட்டத்துக்கே வெற்றி.

அதே நேரத்தில், அணிவது என் உரிமை, பார்ப்பவர் என்ன நினைத்தாலும் கவலையில்லை என்று சொல்வதும் அந்தச் சின்னத்தின் பொருளுக்கே முரணானது. ‘நலம் உண்டாகுக’ என்று சொல்லும் அடையாளத்தை அணிந்துகொண்டு, எதிரே நிற்பவரின் நெஞ்சு நடுங்குவதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியுமா? வீட்டு வாசலிலும் கோயிலிலும் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். அறியாதவர்கள் நடுவில் அணியும்போது அதன் கதையையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் வாழும் ஜப்பானியப் பௌத்தத் துறவி டி.கே.நாக்காகாக்கி, அந்த விளக்கத்துக்காகவே ஒரு நூல் எழுதி 2018இல் வெளியிட்டார். எல்லாரும் நூல் எழுத வேண்டியதில்லை. கேட்பவருக்கு இரண்டு நிமிடம் பொறுமையாக விளக்கினால் போதும்.

அதற்கு முதலில் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சொல்லியாக வேண்டும். திருவெள்ளறைக் கிணற்றின் கதையையும் சொல்ல வேண்டும், டாக்காவ் முகாமின் கதையையும் சொல்ல வேண்டும். முதல் கதை தெரியாத பிள்ளை, வெளிநாட்டில் யாராவது முறைத்தால் வெட்கப்பட்டுப் பதக்கத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். இரண்டாவது கதை தெரியாத பிள்ளை, ஹிட்லர் படம் போட்ட சட்டையைக்கூட விவரம் புரியாமல் வாங்கி அணிந்துகொள்ளும். இரண்டும் தெரிந்த பிள்ளையோ, கேட்பவருக்கு விளக்கம் சொல்லும், காயம்பட்டவரிடம் பணிவாக நடந்துகொள்ளும். அப்படி ஒரு தலைமுறை வளர்ந்தால், களவாடப்பட்ட அந்த மங்கலச் சின்னம் ஒருநாள் தன் பழைய பொருளோடு உலகம் முழுவதற்கும் திரும்பக் கிடைக்கும்.